டவ்டெயில் வெட்ட எந்த ரம்பம் வாங்கணும்? பல்லுலேர்ந்து கைப்பிடி வரைக்கும் முழு வழிகாட்டி

டவ்டெயில் ஜாயின்ட்டை நம்ம பாடப்புத்தகத்துல புறாவால் இணைப்புன்னு போட்டிருப்பாங்க, ரெண்டு பலகை மூலையில சேர்ற இடத்துல ஒண்ணோட முனையை விரிஞ்ச வால் மாதிரி வெட்டி இன்னொண்ணுக்குள்ள பூட்டறது. அதை கையால வெட்டிப் பாக்கணும்னு ஆசைப்படற நிறைய பேர் முதல்ல நல்ல உளி எது, நல்ல மார்க்கிங் கேஜ் எதுன்னு தேடுவாங்க, ரம்பம் மட்டும் கடையில எது கிடைக்குதோ அத வாங்கிடுவாங்க. நானும் அப்படித்தான் பண்ணேன். ஹார்ட்வேர் கடையில 12 இஞ்ச் டெனான் ரம்பம் (முதுகுப் பட்டை வச்ச கொஞ்சம் பெரிய ரம்பம்) ஒண்ணு வாங்கி, அரை இஞ்ச் தேக்குப் பலகையில ஒரு சின்ன டிராயர் பண்ண உக்காந்தேன். கோட்டுல சரியா வச்சு ஆரம்பிச்சாலும் பாதி ஆழம் போறதுக்குள்ள ரம்பம் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிரும், வெட்டுத்தடம் அகலமா போய் கோடே காணாமப் போயிரும், சேத்துப் பாத்தா இடுக்குல விசிட்டிங் கார்டு நுழையற அளவுக்கு கேப் இருக்கும். என் கைதான் சரியில்லன்னு மூணு மாசம் வேஸ்ட் கட்டையில அறுத்து அறுத்து பழகிட்டு இருந்தேன்.

அப்புறம் எங்க தெருவுல கதவு வேலைக்கு வந்த ஒரு ஆசாரி அந்த ரம்பத்தை வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, "தம்பி, இது குறுக்க அறுக்கறதுக்கு அரம் போட்டது, நீங்க நெடுக்க அறுக்கறீங்க"ன்னு சொன்னார். அவ்வளவுதான் விஷயம். அன்னைக்கு ரம்பத்தோட பல்லைப் படிக்க ஆரம்பிச்சேன், இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கேன். பிராண்டு, பித்தளை முதுகு (தகடு மடங்காம இருக்க மேல் ஓரத்துல மாட்டற பட்டை), கைப்பிடி அழகு எல்லாம் பின்னாடி வரட்டும், பல்லு நெடுக்கு வெட்டுக்குத் தீட்டினதா, செட் (பல்லு ரெண்டு பக்கமும் சாஞ்சிருக்கற அளவு) கம்மியா இருக்கா, இந்த ரெண்டும் சரியா இருந்தா விலை குறைஞ்ச ரம்பமே ஒழுங்கா வேலை செய்யும். அதனால இந்த வழிகாட்டியில பல்லுக்குத்தான் நிறைய இடம்.

முதல் படி: எந்தப் பலகை, எவ்வளவு கனம்

ரம்பம் பாக்கறதுக்கு முன்னாடி நீங்க எதை வெட்டப்போறீங்கன்னு முடிவு பண்ணிக்குங்க. டிராயர் பக்கப் பலகை 10லேர்ந்து 12 மிமீ இருக்கும், பெட்டி, புக் ஷெல்ஃப்னா 18லேர்ந்து 20 மிமீ. டவ்டெயில்ல வெட்டுற ஆழமும் கிட்டத்தட்ட பலகையோட கனம்தான், அதனால ரம்பத்துல முதுகுக்குக் கீழ 35லேர்ந்து 45 மிமீ தகடு இருந்தா தாராளம், அதுக்கு மேல அகலம் இருந்தா தகடு நெளியறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். மரமும் முக்கியம். பைன் மாதிரி மென்மையான மரம் ஒரு கதை, தேக்கு வேற கதை, ஏன்னா தேக்குல சிலிக்கா இருக்கு, அது பல்லோட கூர்மையை சீக்கிரமே தின்னுடும். ரோஸ்வுட், வேங்கை எல்லாம் அடர்த்தியான மரம், மெல்லிசான பல்லை உடைக்கவே செய்யும். இத மனசுல வச்சுக்குங்க, ஜப்பான் ரம்பம் பத்தி பேசும்போது திரும்ப வருவேன்.

ரெண்டாவது படி: பல்லு எந்தத் திசைக்குத் தீட்டினது

டவ்டெயில்ல நம்ம அறுக்கற கோடு பலகையோட முனையிலேர்ந்து கீழ இறங்குது. சாய்வு வழக்கமா மென்மையான மரத்துக்கு 1க்கு 6, கடின மரத்துக்கு 1க்கு 8ன்னு சொல்வாங்க, டிகிரியில சொன்னா சுமாரா ஒன்பதரையும் ஏழும். அதாவது நேர் கோட்டுலேர்ந்து கொஞ்சமே கொஞ்சம்தான் சாயுது, நீங்க அறுக்கறது கிட்டத்தட்ட முழுசா மரத்தோட நார் போற திசையிலதான். நார் போற திசையில அறுக்க ரிப் பல்லு வேணும், நாரை குறுக்க அறுக்க க்ராஸ்கட் பல்லு வேணும். ரிப் பல்லு ஒவ்வொண்ணும் ஒரு குட்டி உளி மாதிரி, நாரோட நுனியை செதுக்கி எடுத்துட்டே இறங்கும். க்ராஸ்கட் பல்லு குட்டிக் கத்தி மாதிரி, நாரை ரெண்டு பக்கமும் கீறி விட்டுட்டு நடுவுல இருக்கற தூளை வெளிய தள்ளும். கத்தியை நார் போற திசையில ஓட்டினா என்ன ஆகும், நார் எங்க போகுதோ அது பின்னாடியே கத்தியும் போகும். என் தேக்கு டிராயர்ல ரம்பம் கோட்டை விட்டு விலகிப் போனது இதனாலதான்.

கடையில இத எப்படிக் கண்டுபிடிக்கறது? ரம்பத்தை பல்லு மேல பாக்கற மாதிரி, மூக்கு (கைப்பிடிக்கு எதிர் முனை) உங்க பக்கம் வர்ற மாதிரி பிடிச்சு டியூப்லைட் வெளிச்சத்துல லேசா ஆட்டிப் பாருங்க. பல்லு நுனியெல்லாம் சின்னச் சின்ன கோடா, ஒரே மாதிரி, தகட்டுக்கு செங்குத்தா தெரிஞ்சா அது ரிப். நுனி ஊசி மாதிரி கூரா இருந்து, ஒரு பல்லு விட்டு ஒரு பல்லு சரிவான முகம் பளிச்சுன்னு மின்னினா அது க்ராஸ்கட். பெரிய பல்லுள்ள க்ராஸ்கட் ரம்பத்துல ரெண்டு வரிசை நுனிக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கும், தையல் ஊசி ஒண்ணை அதுல வச்சு சாய்ச்சா வழுக்கிட்டே ஓடும். பல்லு ரொம்ப பொடிசா இருந்தா கண்ணுக்குத் தெரியாது, ஒரு பூதக்கண்ணாடி எடுத்துட்டுப் போங்க, இல்ல மொபைல்ல ஜூம் பண்ணி போட்டோ எடுத்துப் பாருங்க. கடைக்காரர்கிட்ட கேட்டா "எல்லாத்துக்கும் ஆகும் சார்"னு சொல்லுவார், அவர் மேல தப்பில்ல, கேக்கறவங்களே யாரும் இல்ல.

ஒரே ஒரு ரம்பம்தான் வாங்க முடியும்னா யோசிக்காம ரிப் வாங்குங்க. பொடிப் பல்லுள்ள ரிப் ரம்பம் குறுக்க அறுத்தாலும் ஓரளவு சுத்தமாவே வெட்டும். க்ராஸ்கட்ல நெடுக்க அறுக்கறது அப்படி இல்ல, மெதுவா போகும், இழுத்துட்டும் போகும்.

பல்லுல இன்னொரு விஷயம் அதோட சாய்வு, ரேக்னு சொல்வாங்க. பல்லோட முன்முகம் நேரா நட்டுக்க நின்னா ஜீரோ டிகிரி, வேகமா வெட்டும், ஆனா வெட்டு ஆரம்பிக்கும்போது முரண்டு பிடிக்கும், மரத்துல குத்தி நின்னுக்கும். முன்முகம் கொஞ்சம் பின்னாடி சாஞ்சிருந்தா ஆரம்பிக்க சுலபம், வேகம் கொஞ்சம் குறையும். புதுசா பழகறவங்களுக்கு 8லேர்ந்து 14 டிகிரி பின்சாய்வு நல்லா இருக்கும். சில கம்பெனிகள் மூக்குப் பக்கம் பொடிப் பல்லும் கைப்பிடி பக்கம் போகப் போக பெரிய பல்லும் வச்சு இதே பிரச்சனையை வேற வழியில தீர்ப்பாங்க.

மூணாவது படி: இஞ்சுக்கு எத்தனை பல்லு

ஒரு ஸ்கேலை பல்லு ஓரமா வச்சு, ஒரு பல்லு நுனியை ஜீரோவுல நிறுத்தி, ஒரு இஞ்ச் வரைக்கும் எத்தனை நுனி வருதுன்னு ரெண்டு முனையும் சேத்து எண்ணுங்க, அதுதான் பிபிஐ (பாயிண்ட்ஸ் பெர் இஞ்ச்). டிபிஐன்னு (டீத் பெர் இஞ்ச்) போட்டிருந்தா அதைவிட ஒண்ணு கம்மி. ஜப்பான் ரம்பத்துல மில்லிமீட்டர்ல பிட்ச் (பல்லுக்குப் பல்லு இடைவெளி) போட்டிருப்பாங்க, 25.4ஐ அதால வகுத்துக்குங்க, 1.5 மிமீ பிட்ச்னா இஞ்சுக்கு 17 பல்லு, 1 மிமீன்னா 25.

பலகையோட கனத்துல எப்பவும் ஏழெட்டு பல்லாவது மரத்தைத் தொட்டுட்டு இருக்கணும்ங்கறது என் கணக்கு. 12 மிமீ பலகையில 15 பிபிஐ ரம்பம்னா ஏழு பல்லு வரும், 18 மிமீன்னா சுமாரா பத்து. அதனால 14லேர்ந்து 16 வரைக்கும் எடுத்தீங்கன்னா டிராயர், பெட்டி ரெண்டுக்கும் ஓடும். 20க்கு மேல போனா வெட்டு பாக்க வழவழன்னு அழகா இருக்கும், ஆனா பல்லுக்கு நடுவுல தூள் தங்க இடம் கம்மி, 20 மிமீ ஆழம் போறதுக்குள்ள தூள் அடைச்சுக்கும், நீங்க அவசரப்பட்டு அழுத்துவீங்க, அழுத்தினா வளையும். நகைப்பெட்டி மாதிரி 6, 8 மிமீ பலகையில வேலை செய்யறவங்களுக்குத்தான் 20 சரி.

நாலாவது படி: தகடும் செட்டும்

செட்னா பல்லுங்களை ஒண்ணு விட்டு ஒண்ணு இடம் வலமா லேசா சாய்ச்சு விடறது. அதனாலதான் வெட்டுத்தடம் தகட்டைவிட கொஞ்சம் அகலமா விழுது, ரம்பம் சிக்காம ஓடுது. பச்சை மரத்துக்கும் கட்டடச் சட்டத்துக்கும் நிறைய செட் வேணும். நல்லா காஞ்ச மரத்துல 20 மிமீ ஆழம் வெட்டுற டவ்டெயிலுக்கு பக்கத்துக்கு 0.05 மிமீ, மிஞ்சிப்போனா 0.08 போதும். நல்ல டவ்டெயில் ரம்பத்துல தகடு 0.5 மிமீ இருக்கும், வெட்டுத்தடம் 0.6, 0.65ல நிக்கும். செட் அதிகமா இருந்தா தகடு அந்த அகலமான தடத்துக்குள்ள இப்படி அப்படி ஆடும், கோணம் மாறும், நீங்க திருத்தப் பாப்பீங்க, திருத்தத் திருத்த வெட்டுச் சுவர் அலை அலையா வரும்.

இத அளக்க காஸ்ட்லி கருவி எதுவும் வேண்டாம். பைக் மெக்கானிக் டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ண வச்சிருப்பாரே ஃபீலர் கேஜ், வேற வேற கனத்துல மெல்லிசான தகட்டு இதழ்கள் சேத்து வச்சது, அது போதும். ஒரு கட்டையில ஒரு இஞ்ச் ஆழம் அறுத்துட்டு எந்த இதழ் அந்தத் தடத்துல லூசா இல்லாம நுழையுதுன்னு பாருங்க, ஒரு இதழ் பத்தலன்னா ரெண்டு மூணு இதழ் சேத்து வச்சுக்கலாம். என் பழைய டெனான் ரம்பம் ஒண்ணேகால் மிமீ காட்டுச்சு, தகடு 0.8தான். பக்கத்துக்கு 0.2க்கு மேல செட், டவ்டெயிலுக்கு வேணுங்கறத விட மூணு நாலு மடங்கு.

அஞ்சாவது படி: தள்ளுறதா இழுக்கறதா

ஐரோப்பிய, அமெரிக்க வகை ரம்பம் தள்ளும்போது வெட்டும். தள்ளினா தகடு மடங்கப் பாக்கும், அதனால 0.5 மிமீக்கு ரொம்பக் கீழ போறது கஷ்டம், மேல பித்தளையோ இரும்போ முதுகுப் பட்டை வேணும். ஜப்பான் ரம்பம் இழுக்கும்போது வெட்டும், இழுக்கறப்ப தகடு தானா விறைச்சுக்கும், அதனால 0.3 மிமீ தகட்டுலயே செய்யறாங்க. முதுகு வச்சதுக்குப் பேர் டோசுகி, ரெண்டு பக்கமும் பல்லு வச்சதுக்கு ரியோபா, அதுல ஒரு பக்கம் ரிப், இன்னொரு பக்கம் க்ராஸ்கட்.

வைஸ் (பலகையைக் கவ்விப் பிடிக்கற இடுக்கி) வச்ச பெஞ்ச் இல்லாம தரையில உக்காந்து, காலால பலகையை மிதிச்சு வேலை செய்யறவங்களுக்கு இழுக்கற ரம்பம் ரொம்ப இதமா இருக்கும், பாதி நாள்ல கைக்கு வந்துடும். ஆனா வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, கடையில கிடைக்கற டோசுகி நிறைய க்ராஸ்கட் பல்லுதான், ரிப்னு தனியா கேட்டு வாங்கணும். ரெண்டாவது, அந்தப் பல்லு நீளமா மெல்லிசா இருக்கும், சீடர், ஹினோக்கி மாதிரி அவங்க ஊரு மென்மையான மரத்துக்குப் பிறந்தது, ரோஸ்வுட்ல திருகிட்டீங்கன்னா ஒண்ணு ரெண்டு பல்லு போயிடும். மூணாவது, கிடைக்கற பெரும்பாலான பிளேடுல பல்லு நுனியை மட்டும் சூடேத்தி கடினமாக்கி இருப்பாங்க, கூர் ரொம்ப நாள் நிக்கும், ஆனா மழுங்கினா அரம் ஏறாது, பிளேடைத்தான் மாத்தணும். மாத்து பிளேடு கிடைக்குதான்னு உறுதி பண்ணிட்டு வாங்குங்க.

இதுல யாரும் சொல்லாத ஒரு சின்ன சிக்கல் இருக்கு. வால் வெட்டினதுக்கு அப்புறம் நடுவுல இருக்கற கழிவை எடுக்க கோப்பிங் ரம்பத்தை (வளைவா வெட்டற ஒல்லி பிளேடு ரம்பம்) அந்த வெட்டுத்தடத்துலயே இறக்குவோம். 0.3 மிமீ தகடு போட்ட தடம் அவ்வளவு குறுகலா இருக்கும், கோப்பிங் பிளேடு உள்ள போகவே போகாது, தள்ளுற ரம்பத்தோட 0.6 மிமீ தடத்துலயே சிலது போகாது. மெல்லிசான ஃப்ரெட் ரம்பத்து பிளேடு வாங்கிக்கணும், இல்லன்னா முழுக்க உளியாலயே வெட்டி எடுக்கணும்.

நான் இப்ப தள்ளுற ரம்பம்தான் வச்சிருக்கேன். காரணம் ஒண்ணே ஒண்ணு, தேக்குல அடிக்கடி மழுங்குது, மழுங்கினா அரை மணி நேரத்துல நானே தீட்டிக்கறேன்.

கைப்பிடி, நீளம், எடை

இதுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேண்டாம். தகடு நீளம் 8லேர்ந்து 10 இஞ்ச். கைப்பிடி துப்பாக்கிப் பிடி மாதிரி இருந்தா மூணு விரல் உள்ள, ஆள்காட்டி விரல் ரம்பம் போற திசையை நேரா காட்டணும், நாலு விரலையும் உள்ள திணிச்சா மணிக்கட்டு திருகும். ஸ்க்ரூடிரைவர் மாதிரி நேர்க் கைப்பிடி வச்ச ஜென்ட்ஸ் ரம்பம் விலை கம்மி, நல்ல வேலையும் செய்யும், ஆனா கை செங்குத்தா இருக்கா சாஞ்சிருக்கான்னு அந்த உருண்டைப் பிடி சொல்லாது, பழக நாளாகும். முதுகு கனமா இருந்தா நல்லது, நீங்க அழுத்தாம ரம்பத்தோட எடையே வெட்டிட்டு இறங்கும்.

கடையில கையில எடுத்தவுடனே

மூக்குலேர்ந்து கைப்பிடி வரைக்கும் பல்லு வரிசையை ஒரு கண்ணை மூடிப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கணும், லேசா வளைஞ்சிருந்தாலும் கீழ வச்சிடுங்க. பல்லு நுனி மட்டும் நீலமோ கறுப்போ ஏறியிருந்தா அது அரம் ஏறாத வகை. கைப்பிடி ஆடுதான்னு பாருங்க, நட்டு போட்டதுன்னா பரவாயில்ல, இறுக்கிக்கலாம். ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் உண்டான்னு பாத்துட்டு, வந்த அன்னைக்கே அடுத்து சொல்ற டெஸ்ட்டைப் பண்ணிடுங்க.

வீட்டுல பண்ற டெஸ்ட்

18 மிமீ கனத்துல ஒரு துண்டுப் பலகை எடுத்து நிமித்தி பிடிச்சுக்குங்க. முனையில மூலைமட்டம் வச்சு 5 மிமீ இடைவெளியில பத்து கோடு போட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் 20 மிமீக்கு இறக்கிக்குங்க. அழுத்தாம, கையைத் திருத்தாம பத்தையும் அறுங்க. இப்ப பாருங்க, வெட்டு கண்டபடி ஒண்ணு இடமும் ஒண்ணு வலமும் போயிருந்தா அது கை, பழகினா வரும். பத்தும் ஒரே பக்கமா இழுத்துட்டுப் போயிருந்தா அது ரம்பம், எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் செட் அதிகம்னு அர்த்தம். இந்த ஒரு டெஸ்ட் எனக்கு முதல்லயே தெரிஞ்சிருந்தா அந்த மூணு மாசம் மிச்சம்.

அதை சரி பண்றது சுலபம். முதுகு தட்டாம தகடு மட்டும் படுக்கற மாதிரி ஒரு ஒல்லியான சட்டத்து மேல ரம்பத்தைப் படுக்க வைங்க, முதுகு ஓரத்துல தொங்கட்டும். செட் அதிகமா இருக்கற பக்கத்துல வழவழப்பான எண்ணெய்க்கல்லை பல்லு மேல மட்டமா வச்சு, கைப்பிடியிலேர்ந்து மூக்கு வரைக்கும் ஒரே ஒரு தடவை, கல்லோட எடை மட்டும் படற மாதிரி இழுங்க. திரும்ப ரெண்டு கோடு அறுத்துப் பாருங்க. பத்தலன்னா இன்னொரு தடவை. மொத்த செட்டுமே அதிகம்னா ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி பண்ணலாம், இல்ல பல்லு மேல ஒரு தாளை மடிச்சுப் போட்டு வழவழப்பான தாடை உள்ள வைஸ்ல கொஞ்சம் கொஞ்சமா நகத்தி இறுக்கலாம், தாளோட கனத்துக்கு செட் நின்னுடும்.

கையில இருக்கற க்ராஸ்கட்டை ரிப்பா மாத்தறது

புதுசு வாங்க காசு இல்லன்னா இதுதான் வழி, நான் அந்த டெனான் ரம்பத்தை இப்படித்தான் காப்பாத்தினேன். பல்லு அரம் ஏறற வகையா இருக்கணும். 13லேர்ந்து 15 பிபிஐக்கு 4 இஞ்ச் டபுள் எக்ஸ்ட்ரா ஸ்லிம் முக்கோண அரம் வேணும். ரெண்டு பிளைவுட் பட்டைக்கு நடுவுல தகட்டை வச்சு பல்லு 5 மிமீ மட்டும் வெளிய தெரியற மாதிரி வைஸ்ல கவ்வுங்க, ஆடினா அரம் கீச்சுன்னு கத்தும். தட்டை அரத்தை நுனி மேல ஓட்டி எல்லாப் பல்லையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாங்க, ஒவ்வொரு நுனியிலயும் ஒரு குட்டி வெள்ளைப் பொட்டு மின்னும். அப்புறம் முக்கோண அரத்தை தகட்டுக்கு செங்குத்தா, படுகிடையா பிடிச்சு ஒவ்வொரு பள்ளத்துலயும் அந்தப் பொட்டு மறையற வரைக்கும் தள்ளுங்க, மறைஞ்சவுடனே நிறுத்திடுங்க. அரத்தோட ஒரு முகம் எவ்வளவு சாயுதோ அதுதான் உங்க ரேக், அரத்து மூக்குல ஒரு சின்ன மரக்கட்டையை சொருகி அதுல கோணம் கீறி வச்சுக்கிட்டா கடைசி வரைக்கும் மாறாது. ஒண்ணு சொல்லணும், தகடு 0.8 மிமீல இருக்கற ரம்பம் எவ்வளவு தீட்டினாலும் 0.5 மிமீ தகடு மாதிரி ஆகாது, ஆனா கோட்டுல போகும், அது போதும் ஆரம்பத்துக்கு.

எது வாங்கலாம்

கையில காசு கம்மின்னா ரிப் பல்லு வச்ச ஜப்பான் டோசுகி இல்ல ரியோபா, கியோகுச்சோ (Gyokucho), இசட்-சா (Z-Saw) ரெண்டு பிராண்டும் நம்பலாம். வருஷக்கணக்கா வச்சு தீட்டித் தீட்டி உபயோகிக்கணும்னா கனடாவோட வெரிட்டாஸ் 14 டிபிஐ, பித்தளை முதுகுக்குப் பதிலா வார்த்த முதுகு, தகடு அரை மிமீ, புதுசா பழகறவங்க கைக்கு நல்லா ஒத்துப்போகும். அமெரிக்காவுல மெய்ன் மாகாணத்துல செய்யற லீ-நீல்சன் 15 பிபிஐ அருமையான ரம்பம், ஆனா இறக்குமதி பண்ணா கூரியரும் கஸ்டம்ஸும் சேந்து கடுமையா ஏறும், ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க கையில சொல்லி விடறதுதான் நல்லது. இங்கிலாந்துல ஷெஃபீல்டுல தாமஸ் ஃபிளின் கம்பெனி பேக்ஸ், லிங்ஸ்ங்கற பேருல இன்னும் செய்யறாங்க. பழைய சாமான் கடையில ஷெஃபீல்டு முத்திரையோட துருப்பிடிச்ச ரம்பம் கிடைச்சா, தகடு நேரா இருந்து துரு குழி விழாம இருந்தா விடாதீங்க, பல்லு போயிருந்தாலும் திரும்ப வெட்டிக்கலாம்.

வாங்கினதுக்கு அப்புறம் கடலோர ஊர்ல இருக்கறவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், ஒரே மழைக்காலத்துல தகடு புள்ளி புள்ளியா துருப்பிடிக்கும். வேலை முடிஞ்சவுடனே தூளைத் தொடச்சுட்டு, தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு துணியால தேச்சு வைங்க. மறுநாள் அறுக்கறதுக்கு முன்னாடி அந்த எண்ணெயை நல்லா துடைச்சுட்டு மெழுகுவர்த்தியை தகட்டுல ரெண்டு இழுப்பு இழுத்தா சத்தமே இல்லாம ஓடும். பல்லுக்கு உறை வேணும்னா ஜெராக்ஸ் கடையில ப்ராஜெக்ட் ஃபைலுக்குப் போடற பிளாஸ்டிக் ஸ்டிக் கிடைக்கும், 10 இஞ்ச் அளவுக்கு வெட்டி அப்படியே பல்லு மேல சொருகிடுங்க.